டாஷ்போர்டில் ஒரு கொசு!

டாஷ்போர்டில் டேப்லெட் மாட்டியாச்சு. இளையராஜா வயலினோடு வருவார் என்று பார்த்தால், கூடவே ஒரு கொசுவும் வருகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது உச்சஸ்தாயிக்கே போய்விடுகிறது!

'ஸ்பீக்கரை மாத்திடுங்க சார்' என்பார் கடைக்காரர். பர்ஸை மூடுங்கள். புது ஸ்பீக்கரில் கொசு இன்னும் தெளிவாகப் பாடும்!

முதலில் டேப்லெட்டின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கொசு செத்ததா? அப்படியென்றால் பாடியது ஆல்டர்னேட்டர். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு எர்த். ஒரே வீட்டில் இரண்டு மாமியார்... சத்தம் வராமல் என்ன செய்யும்? ஆடியோ ஒயருக்கு நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்கிற சின்ன டப்பாவைச் சொருகினால் சமாதானம். ரொம்ப மட்டமானதாக வாங்காதீர்கள், 'பேஸ்' இளைத்துவிடும்.

டேப்லெட்டில் வால்யூமை முக்கால்வாசிக்கு வைத்து, மிச்சத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டுங்கள். மிச்சமான காசுக்குப் பெட்ரோல் போட்டு ராஜாவோடு ஒரு ரவுண்டு போய்வாருங்கள்!