நுரையீரல் சுருங்கிடுச்சுன்னா எல்லாருக்கும் டியூப் வேணுமா?

நுரையீரல் சுருங்கியிருக்குன்னு சொன்னதும் சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி, "ஏன் சார் இன்னும் டியூப் போடல?" டியூப் போடலைன்னா வைத்தியமே பார்க்கலைன்னு அர்த்தம் இல்லைங்க.

1) நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல காத்து புகுந்து நுரையீரலை அமுக்குறதுதான் நியூமோதோராக்ஸ். உயரமா, ஒல்லியா இருக்குற இளைஞர்களுக்கு வேற நோய் இல்லாமலே திடீர்னு வரலாம். சிகரெட் பிடிச்சா வாய்ப்பு இன்னும் அதிகம்.

2) இவங்களுக்கு மூச்சுத்திணறல் பெருசா இல்ல, பிரஷரும் ஆக்சிஜனும் சரியா இருக்குன்னா காத்திருக்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 316 பேர்கிட்ட நடத்தி 2020ல வெளியான ஆய்வுல, டியூப் போடாம கவனிச்ச குழுவுல சுமார் 85% பேருக்கு அது தேவையே படல. காத்தை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கும்.

3) காசநோய், சிஓபிடி இருக்குறவங்க, விபத்துல அடிபட்டவங்க கதை வேற. பெரும்பாலும் டியூப் வேண்டியிருக்கும். மூச்சு முட்டி பிரஷர் இறங்கினா எக்ஸ்ரேவுக்குக்கூட காத்திருக்காம ஊசி குத்திக் காத்தை வெளியேத்தணும். அப்போ கையெழுத்துப் போட யோசிக்காதீங்க.

4) மறுபடி மறுபடி வந்தா ஆபரேஷன் பத்திப் பேசணும்.

5) ஆய்வு சொல்லுதேன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடவும் கூடாது. ராத்திரி மூச்சுத்திணறினா மூணு பஸ் மாறி வரணும்ங்கிற ஊர்க்காரரை வார்டுலயே வெச்சுப் பார்க்குறதுதான் நியாயம்.

அதனால "டியூப் எப்போ?"ன்னு கேக்காதீங்க. "இவருக்கு ஏன் வேணாம்? என்ன ஆனா உடனே ஓடி வரணும்?"னு கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.