எண்ணிப் பார்த்து மருந்தடியுங்கள்



நேற்று பள்ளிப்பட்டில் தம்பியின் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போனேன். பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்தார்கள் என்று இவனும் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான். "புழு எத்தனைடா இருக்கு?" என்றேன். "யாருண்ணா எண்ணுனாங்க?" என்றான்.

இதுதான் என் ஆதங்கம். புரொடீனியா புழு வளர்ந்துவிட்டால் பகலில் மண்ணுக்குள் ஒளிந்து இரவில்தான் மேயும். வெயிலில் அடிக்கிற மருந்து பெரும்பாலும் வீண். புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும். கடன் நமக்கு.

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். அதில் ஆண் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்தால், அடுத்து முட்டைதான். வரப்பில் ஆமணக்கு நடுங்கள். தாய்ப்பூச்சி அதைத் தேடிப் போய் முட்டையிடும். ஒரு குவியலிலேயே 200, 300 முட்டை இருக்கும். அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் போதும். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சுரண்டி, சல்லடைபோல ஆன இலைகளையும் பறித்துவிடுங்கள். சோயா, பருத்தி போட்டவர்களுக்கும் இதே புழுதான், இதே வழிதான்.

நேரமில்லை என்பீர்கள். வகுப்பில் தினமும் வருகைப் பதிவு எடுத்த பிறகுதானே பாடம் நடத்தினேன்? வாரம் இருமுறை கொல்லையைச் சுற்றி வந்து எண்ணுங்கள். அதற்கப்புறமும் தேவைப்பட்டால் அடியுங்கள், அதுவும் சாயங்காலத்தில்.

தம்பி டேங்க்கை இறக்கி வைத்துவிட்டான். நீங்கள்?