சிலுவைப் போர்: வழி உரைக்கும் உண்மை

மேலைநாட்டுப் பாடநூல்களும் நம் மேடைப் பேச்சாளர் சிலரும் ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். கிறிஸ்தவ உலகம் முழுவதும் திரண்டு இஸ்லாமிய உலகின்மீது தொடுத்ததே சிலுவைப் போர் என்பது இருசாராரின் கூற்று. அவர்கள் பெருமைக்காகச் சொல்வதை இவர்கள் புலம்பலுக்காகச் சொல்கின்றனர். அப்படைகள் நடந்துவந்த வழியை இருவருமே நோக்குவதில்லை.

அவ்வழி கிழக்கு ரோமப் பேரரசின் ஊடே சென்றது. அந்நாட்டவரும் கிறிஸ்தவரே. 1096இல் துறவி பீட்டரின் பின்னே திரண்ட கூட்டம், துருக்கியரைச் சந்திக்கும் முன்னரே ஹங்கேரியரின் செம்லின் நகரைத் தாக்கிற்று. பெல்கிரேடைக் கொள்ளையிட்டுக் கொளுத்திற்று. அடுத்து வந்த பிரபுக்களின் படைகளுக்குப் பேரரசர் அலெக்ஸியஸ் உணவுச் சந்தைகளைத் திறந்தார். கூடவே, சூறையாடலைத் தடுக்கப் பெச்செனெக் வீரரைக் காவலிட்டார். விருந்தினரை இவ்வாறா வரவேற்பர்? 1097இல் காட்ஃப்ரேயின் வீரர் கான்ஸ்டாண்டிநோபிளின் மதிலடியிலேயே பேரரசரின் படையுடன் பொருதனர்.

1148இல் பிரெஞ்சு மன்னர் லூயி, தம் காலாட்படையினரையும் ஏழை யாத்திரிகரையும் அத்தாலியாவில் கைவிட்டுக் கப்பலேறினார். நோயிலும் பசியிலும் வாடிய அவர்கள்மீது துருக்கியர் இரங்கி உணவளித்தனர். மதம் மாறுமாறு எவரையும் வற்புறுத்தவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அவர்களுடன் சென்றுவிட்டனர். இதை எழுதிவைத்தவர் முஸ்லிம் அல்லர்; லூயியுடன் சென்ற பாதிரியார் ஓடோ!

1189இல் ஜெர்மானியப் பேரரசர் பிரெடரிக் ரோமருடன் போரிட்டு அட்ரியானோபிளில் குளிர்காலத்தைக் கழித்தார். அதே காலத்தில், சுல்தான் ஸலாஹுத்தீன் அனுப்பிய மிம்பரும் கதீபும் கான்ஸ்டாண்டிநோபிளில் வரவேற்கப்பட்டதை இப்னு ஷத்தாத் பதிவு செய்கிறார். 1204இல் அந்நகரையே சிலுவை தரித்தோர் சூறையாடினர்.

"அவ்வாறாயின் 1099இல் பைத்துல் முகத்தஸில் சிந்திய இரத்தம் பொய்யோ?" எனச் சிலர் வினவலாம். பொய்யன்று. அங்கே முஸ்லிம்களும் யூதர்களும் படுகொலை செய்யப்பட்டனர். அப்பழி செய்தவரைச் சாரட்டும். செய்யாதாரையும் அதில் பிணைப்பது நீதியாகாது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். இப்னுல் அதீர் படையெடுத்தோரை 'இஃப்ரன்ஜ்' என்றும், கிழக்கு ரோமரை 'ரூம்' என்றும் தனித்தனியே குறித்தார். அந்தாக்கியாவைத் தம்மிடம் ஒப்படைப்பதாக ஆணையிடும்வரை ரூம் மன்னர் அவர்களுக்கு வழிவிட மறுத்தார் என்றும் எழுதினார். 'அல்ஹுரூபுஸ் ஸலீபிய்யா' என்னும் தொடர் அரபியில் வழங்கலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்! மேலைநாட்டார் சூட்டிய பெயரை நாம் இரவல் வாங்கினோம்; பெயருடன் அவர்தம் பார்வையையும் வாங்கிக்கொண்டோம்.

பெற்றோரே! நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள், முழுமையாகச் சொல்லுங்கள். பாதி வரலாறு பகையை வளர்க்கும். முழு வரலாறே நீதியைக் கற்பிக்கும்.