ஈபிள் கோபுரமும் இரைச்சல் பாலமும்



போன வருடம் நம்ம டிபார்ட்மென்ட் டூருக்கு ஏன் வரலைன்னு நீங்க எல்லாரும் கேட்டீங்க. "காய்ச்சல்டா மாப்ள" என்று சொன்னேன். அது பொய். எனக்குக் காய்ச்சல் இல்லை, காசு இல்லை! மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை. அதே மாதம் தங்கச்சிக்கும் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. கேட்டால் எங்கேயாவது கடன் வாங்கிக் கொடுத்திருப்பார். அதனால்தான் நான் கேட்கவே இல்லை.

இதை இப்போது ஆண்டு மலரில் எழுதுவது யாரும் அனுதாபப்பட வேண்டும் என்பதற்காக அல்ல. நம் டூரைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்வதுதான் முறை என்று தோன்றியது.

உங்கள் பஸ் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பியது. சனிக்கிழமை முழுவதும் வாட்ஸ்அப்பில் உங்கள் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து நொந்து போய் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் பார்த்து இன்னொரு டூர் போட்டோவும் வந்து விழுந்தது. அது பாரீஸிலிருந்து!

அனுப்பியவர் என் பெரியம்மா மகன். அண்ணனும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். அப்புறம் பி.இ. முடித்து, கடன் வாங்கி, இப்போது ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறார். வெள்ளி ராத்திரி பஸ் ஏறி, சனி ஞாயிறு ரெண்டு நாளும் பாரீஸ் சுற்றிவிட்டு, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிடுகிற திட்டம். நாம் இங்கே கொடைக்கானல் போய் வருவது மாதிரி! சாப்பாட்டுக்கு, கடையில் வாங்கிய ரொட்டியும் பெரியம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சங்காய் ஊறுகாயும்.

ராத்திரி போனில் பேசினார்.

"தம்பி, ஈபிள் டவர்ல லிப்ட்டுக்கு டிக்கெட் ஜாஸ்திடா. படியில ஏறுனா கம்மி. ரெண்டாவது அடுக்கு வரைக்கும் 674 படி. நம்ம ஊரு மலையில ஏறி இறங்குனவனுக்கு இதெல்லாம் ஒரு ஏத்தமா? ஏறிட்டேன்."

"மியூசியம் எல்லாம் பாத்தீங்களாண்ணே?"

"லூவர் பாத்தேன். அதுக்குக் காசே இல்ல. ஐரோப்பாவுல தங்கிப் படிக்கிற, 26 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைகளுக்கு இலவசம். கார்டைக் காட்டுனேன், உள்ள போங்கன்னுட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "டவர் வேலைய 1887ல ஆரம்பிச்சாங்கன்னு இங்க எழுதிப் போட்டிருக்கு. அந்த வருஷம் நம்ம எங்கயோ கேட்டதா இல்லடா?"

எனக்கு உடனே பொறி தட்டியது. பெரியாறு அணை! நம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த அணைக்கும் 1887ல்தான் வேலை தொடங்கியது. கோபுரமும் அணையும் ஒரே வருடத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம அணை சமாச்சாரம் எதையாவது நீ நேர்ல பாத்திருக்கியாடா?" என்றார் அண்ணன். இல்லை என்றேன். "நானும் பாத்ததில்ல. குமுளிக்குப் போறப்ப பஸ் ஜன்னல் வழியா அந்தக் குழாய்களைப் பாத்ததோட சரி. இத்தனை ஆயிரம் மைல் வந்து இவன் கோபுரத்துல எத்தனை ஆணின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன். லோயர் கேம்ப்ல ஒரு நாள் கூட இறங்குனதில்ல பாரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

எனக்கு அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. விடிந்ததும், என்னைப் போலவே "காய்ச்சல்" வந்து ஊரிலேயே தங்கிவிட்ட இரண்டு பேருக்குப் போன் போட்டேன். ஒருவன் நம்ம சிவில், இன்னொருவன் டிரிபிள் ஈ. தேனி புது பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் குமுளி பஸ் ஏறினோம். அந்த பஸ் ஸ்டாண்டுக்கே பென்னிகுயிக் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். தினமும் அதற்குள் நுழைந்து வெளியே வருகிற நாம் என்றைக்காவது அந்தப் பெயரை நின்று படித்திருக்கிறோமா?

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்... வழியெல்லாம் பச்சை. எத்தனையோ தடவை பார்த்த வயல்தான். ஆனால் அன்றைக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளைகிறது. அந்தத் தண்ணீர் மேற்கே போய் அரபிக் கடலில் விழ வேண்டிய தண்ணீர். மலையைக் குடைந்து, 5,700 அடிக்கு மேல் சுரங்கம் வெட்டி, அதைக் கிழக்கே திருப்பி விட்டார்கள். மேற்கே பாயும் ஆற்றைக் கிழக்கே பாய வைத்த வேலை என்று சர்வேயிங் வகுப்பில் ஒரு வரியில் கேட்டிருக்கிறோம். பஸ் ஜன்னலில் அந்த ஒரு வரி ஐம்பது கிலோமீட்டருக்கு நீண்டு கிடந்தது!

லோயர் கேம்ப்பில் இறங்கினோம். மலைச் சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி மின் நிலையத்துக்குள் போகின்றன. உள்ளே விடமாட்டார்கள், ரோட்டில் நின்றுதான் பார்த்தோம். டிரிபிள் ஈ நண்பன் ஹெட் என்றால் என்ன, டர்பைன் எப்படிச் சுற்றுகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். ஒரு செமஸ்டர் பூராவும் புரியாத விஷயம் எனக்கு அந்த ரோட்டோரத்தில் பத்து நிமிடத்தில் புரிந்தது. குழாயில் இறங்கும் தண்ணீர் கரண்டும் கொடுத்துவிட்டு, அதன்பிறகு ஆற்றில் சேர்ந்து வயலுக்குப் போகிறது.

2013ஆம் ஆண்டு பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 அன்று திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்த்தோம். அவர் பிறந்த நாளும் அதுதான். பாலார்பட்டிக்காரர்கள் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்களே, அந்த நாள். இங்கிலாந்தில் அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லி ஊரில் 2022ல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. அங்கேயும் நம் ஊர்த் தண்ணீரின் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம் மலைப் பாதையில் ஏறி இரைச்சல் பாலம் வரை போனோம். மின் நிலையத்துக்குப் போகாத தண்ணீர் அங்கேதான் பாறையில் விழுந்து ஓடிவரும். பாலத்தில் நின்றபோது பக்கத்தில் நின்றவன் பேசியது கூடக் காதில் விழவில்லை. பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்!

திரும்பி வரும்போது லோயர் கேம்ப் டீக்கடையில் ஒரு பெரியவர். "எந்தூருப் பிள்ளைகப்பா?" என்றார். பாலிடெக்னிக் என்றோம். "அப்ப சரி. இன்னைக்கு அணையில எத்தனை அடித் தண்ணி கெடக்கு, சொல்லுங்க பாப்போம்?" என்றார். மூன்று பேரும் முழித்தோம். அவரே சொன்னார்: அன்றைய மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, போன வருடம் இதே நாளில் எவ்வளவு என்று! பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக் கூட ஒதுங்காதவராம். "இது தெரியாம நாத்துப் பாவ முடியுமாய்யா?" என்று சிரித்தார். டேமுக்குப் பாடம் படிக்கிற எங்களுக்கு டீ குடிக்கவே வெட்கமாக இருந்தது.

நண்பர்களே, இனி என் கருத்துக்கு வருகிறேன்.

பாரீஸ் கோபுரத்தைப் பாருங்கள். 1887 ஜனவரியில் தொடங்கி 1889 மார்ச்சில் முடித்துவிட்டார்கள். 300 மீட்டர் உயரம். தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்த 18,000க்கு மேற்பட்ட இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட்டுகள். நம் அணை 1895 அக்டோபரில்தான் திறந்தது. இங்கே இரும்புத் தொழிற்சாலை இல்லை. காடு, யானை, மலேரியா, காலரா. முதலில் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கல், சுண்ணாம்பு, செங்கல் தூளான சுர்க்கி, இவைதான் சாமான். 155 அடி உயரத்துக்குக் கட்டினார்கள். 1979க்குப் பிறகு கான்கிரீட்டும் கேபிளும் கொடுத்து பலப்படுத்தினார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கோபுரத்தை இருபது வருடத்தில் பிரித்துவிடுவதாகத்தான் திட்டம். ரேடியோ கம்பிக்கு உதவும் என்பதால் தப்பியது. நம் அணை ஐந்து மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது. இரண்டுமே நம் படிப்புக்காரர்கள் போய் நின்று பார்க்க வேண்டிய இடங்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அங்கே கோபுரத்தின் முதல் அடுக்குக்குக் கீழே 72 விஞ்ஞானிகள், பொறியாளர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இளம் பிள்ளைகள் மியூசியத்தைக் காசில்லாமல் பார்க்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏன்? 'பார்ப்பதும் படிப்புத்தான், அதைக் காசுக்காரப் பிள்ளைக்கு மட்டும் விடக்கூடாது' என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? நாம் பாரீஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணம்தான்.

நம் டூரில் நடப்பது என்ன? வகுப்பில் அறுபது பேர் என்றால் நாற்பது பேர் போகிறார்கள். மிச்ச இருபது பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்! தோழிகள் பாதிப் பேரை, இரண்டு ராத்திரி வெளியே தங்க வேண்டும் என்றதும் வீட்டில் விடுவதில்லை. அறுபது பேருக்குப் போட்ட டூரில் நாற்பது பேர் போய் வந்தால் அது வகுப்பு டூரா, கூட்டாளிகள் டூரா?

"டேய், டூர்னா ஜாலிக்குத்தாண்டா, அங்கேயும் போய்ப் பாடமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஜாலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடாத டூர் என்ன டூர்? நாங்கள் மூன்று பேர் போய் வந்த அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அந்த வருடம் பூராவும் சிரிக்கவில்லை. பஸ், டீ, பரோட்டா எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கும் ஐந்நூறு ரூபாய் தாண்டவில்லை. ஜாலிக்கும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை, கூட வருகிற ஆளுக்கும் ஜாலிக்கும்தான் சம்பந்தம்.

"உள்ளூரைப் பாத்து என்னடா ஆகப்போகுது?" என்றும் சிலர் கேட்கலாம். நாளைக்கு நம்மில் சிலர் ஓசூர், கோவை, துபாய், ஜெர்மனி என்று போகத்தான் போகிறோம். போக வேண்டும். பாரீஸும் போக வேண்டும். ஆனால் அங்கே ஒருவன் "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டால், செல்பியைக் காட்டுவதா, இல்லை சுர்க்கிக் காரையையும் சுரங்கத்தையும் படம் போட்டுச் சொல்வதா? சொந்த ஊரை நின்று பார்த்தவன்தான் வெளியூரையும் நின்று பார்ப்பான்.

ஆகவே, நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று: வருடத்துக்கு ஒரு நாள் டூர், எல்லாருக்கும், பேரவை நிதியிலேயே. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், தோழிகளும் வரலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை. லோயர் கேம்ப் இருக்கிறது. 1959ல் திறந்த வைகை அணை இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்று, அகல ரயிலாகி, 2022ல் தேனிக்கும் 2023ல் போடிக்கும் மறுபடி ரயில் வந்த பாதை இருக்கிறது. நூற்பாலை, காற்றாலை இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிரின்சிபால் கையெழுத்தோடு முறைப்படி எழுதிக் கேட்டுப் பார்ப்போம்.

இரண்டு: தூரத்து டூரும் இருக்கட்டும். ஆனால் அதற்கான பணத்தைக் கடைசி வாரத்தில் மொத்தமாகக் கேட்காதீர்கள். ஜூலையிலிருந்தே மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

மூன்று: கட்ட முடியாதவன் யார் என்று வகுப்பில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு கவரில் முடிந்ததைப் போடட்டும். குறைவதைப் பேரவை போடட்டும். எந்தக் கவர் யாருடையது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நான் மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறேன். இந்த டூரில் எனக்கு இடமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் எவனோ ஒருவன் இப்போதே என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். தம்பிக்காகத்தான் இதை எழுதினேன்.

அடுத்த வருடம் டூர் அன்றைக்கு நம் வகுப்பில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. அவ்வளவுதான்.

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்