கூட்டுக்குள்ள ரெண்டு குஞ்சு

ஒரு கம்பெனி தன்னோட முத்திரைப் படத்தை எப்படியெல்லாம் மாத்திச்சுன்னு கதை கதையா எழுதறாங்க. பட்டணத்துல இருக்கற நீங்களும் 'என்னா யோசனைடா'ன்னு ரசிக்கறீங்க. ரசிங்க, தப்பில்லை. ஆனா ரசிச்ச கையோட பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிங்க என்கிறேன்.

நெஸ்லேயை எடுத்துக்குங்க. ஹென்றி நெஸ்லே ஜெர்மனியில பிறந்து சுவிட்சர்லாந்துல குடியேறினவர். 1867-ல் குழந்தைகளுக்குப் பால்மாவு செஞ்சு விற்க ஆரம்பிச்சார். அவங்க வட்டார மொழியில அவர் பேருக்கு 'சின்னக் கூடு'ன்னு அர்த்தம். குடும்பச் சின்னத்துல கூட்டுல ஒரு பறவை இருந்தது. அதோட மூணு குஞ்சைச் சேர்த்து, தாய் இரை ஊட்டற மாதிரி 1868-ல் முத்திரை ஆக்கினார். பேரும் பொருந்துது, சரக்கும் பொருந்துது. கெட்டிக்காரர்தான்.

1988-ல் அந்தப் படத்தை மாத்தினாங்க. தாய் வாயில இருந்த புழுவை எடுத்தாச்சு, மூணு குஞ்சு ரெண்டாச்சு. இந்தக் காலத்துக் குடும்பத்துல ரெண்டு பிள்ளைதானே, அதுக்காகன்னு சொல்றாங்க.

எங்க பழவேற்காட்டு ஏரியில கூழைக்கடா மேயும். பக்கத்துல ஆந்திராவுல நேலப்பட்டு மரங்கள்ல கூடு கட்டும். தாயோட அலகுப் பைக்குள்ள குஞ்சு தலையை விட்டு, பாதி செரிச்ச மீனை இழுத்துத் தின்னும். பார்க்க நல்லாவா இருக்கும்? ஆனா ஊட்டறதுன்னா அதுதான். வாயில ஒண்ணுமே இல்லாத தாய், குஞ்சுக்கு என்னத்தை ஊட்டும்?

படத்தை யாரும் கேட்காமலே மாத்தினாங்க. உள்ளே இருக்கற சரக்கும் அதை விற்கற விதமும் அப்படியா மாறிச்சு?

ஏழை நாடுகள்ல தாய்ப்பாலை ஓரங்கட்டற மாதிரி பால்மாவு விற்கறாங்கன்னு 1977-ல் அமெரிக்காவுல நெஸ்லே சரக்கைப் புறக்கணிச்சாங்க. 1981-ல் உலக சுகாதார அமைப்பு விற்பனைக்கு விதிமுறை போட்டது. 1992-ல் நம்ம நாட்டுச் சட்டம், பால்மாவுக்கு விளம்பரம் கூடாது, டப்பாவில் தாய் படமோ குழந்தை படமோ கூடாதுன்னு சொல்லிடுச்சு. மனுஷத் தாய் படம் போடக் கூடாது. கம்பெனி முத்திரையில பறவைத் தாய் மட்டும் ஊட்டிக்கிட்டே இருக்கு!

2015 ஜூனில் மேகியைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கச் சொன்னாங்க. ஈயம் அளவுக்கு மேலன்னு ஒரு புகார், 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை'ன்னு பாக்கெட்டில் போட்டது ஒரு புகார். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செஞ்சது. சோதனை செஞ்ச கூடங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லைன்னது. மறு சோதனையில சரியா வந்ததால நவம்பரில் திரும்பவும் கடைக்கு வந்தது. நியாயத்தைச் சொல்லணும், அதனால இதையும் சொல்றேன்.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியா 3 கிராம் வரை சேர்த்த சர்க்கரை. கம்பெனியோட சொந்த நாட்டுல அதே வகையில சேர்த்த சர்க்கரை இல்லை. இங்குள்ள விதிப்படிதான் செய்யறோம்னு கம்பெனி சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் சுத்திகரித்த சர்க்கரை இல்லாத வகைகளை அறிவிச்சது. அப்போ முடியும் இல்லையா? கேட்கற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? கூட்டுல ரெண்டு குஞ்சும் ஒரே மாதிரிதான் வரைஞ்சிருக்கு. ஒண்ணுக்குச் சர்க்கரை போட்டு, ஒண்ணுக்குப் போடாம ஊட்டற தாய் எங்க இருக்கு?

'பஞ்சாப் மோகாவுல பால்காரங்களுக்கு வருமானம், நீலகிரி சோலாடியில தேயிலை வேலை, இதெல்லாம் யார் கொடுத்தது?'ன்னு கேட்பீங்க. கொடுத்தாங்க. விவசாயி நான், அதை மறுக்கலை. வேலை கொடுத்ததுக்காகக் குழந்தை கிண்ணத்தைப் பத்திக் கேள்வி கேட்காதேன்னா எப்படி?

முத்திரை விஷயம் எங்க ஊருக்குப் புதுசு இல்லை. 1602-ல் ஆரம்பிச்ச டச்சுக் கம்பெனி வி-யோட ரெண்டு கை மேல ஓ-வும் சி-யும் தொங்கற மாதிரி முத்திரை வச்சிருந்தது. ஜாதிக்காய், கிராம்பு வியாபாரம். 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினாங்க. இங்கிருந்து துணி போச்சு, அடிமைகளா மனுஷங்களும் கப்பலேறினாங்க. ஜாதிக்காய்க்காக 1621-ல் பாண்டா தீவு சனங்களையே அழிச்சது அதே கம்பெனி. இன்னிக்கும் அந்த முத்திரை அழகுன்னு புத்தகத்துல போடறாங்க. அழகுதான்!

குப்பத்துப் பெட்டிக்கடையில சரம் சரமா தொங்குது பாக்கெட். மடவையும் இறாலும் வலையில் வர்ற ஊர்லயே பிள்ளைங்க அதைக் கேட்டு அழுது. எங்க மீனுக்கு முத்திரை இல்லை, முத்திரையைப் பத்திக் கதை எழுத ஆளும் இல்லை.

பூநாரை பார்க்க வர்றீங்க இல்லையா, வாங்க. வந்தா ரெண்டு கிலோ மீன் வாங்கிட்டுப் போங்க, என்ன மீன், யார் பிடிச்சதுன்னு கேட்டு வாங்குங்க. பாக்கெட்டையும் அதே மாதிரி கேள்வி கேளுங்க. காலிப் பாக்கெட்டை மட்டும் ஏரிக்கரையில போட்டுட்டுப் போகாதீங்க.