தன்னை விற்காத வாணிகம்

பொருநையோடு சிற்றாறு வந்து கலக்கும் இடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இப்பகுதியே என்பர் அறிஞர். தமிழ் பயில்வோர்க்கு ஒரு சிற்றிலக்கியத்தின் களமாக விளங்கும் இவ்வூர், 1994-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்குப் பின் வெளியூரார்க்கு அரிவாளின் ஊராகிவிட்டது. நூற்றாண்டுகளாக வந்த பெயரை மாற்ற இரண்டரை மணி நேரம் போதுமாயிருந்தது!

ஊர்ப்பெயர் நிற்க. இவ்வாற்றங்கரையிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் பலர் வாணிகத்திற்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லவிருப்பவர்கள். “நேர்மையாக இருந்து தொழிலில் முன்னேற முடியுமா?” என்பது அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. ‘முடியும், நேர்மையே முதலீடு’ என்று விடை கூறும் முன்னேற்ற நூல்கள் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. அவ்வளவு எளிதாக விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காரணம், அத்தகைய நூல்களைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடி ஒருவரின் வாழ்க்கை. அவர் நம் மண்ணின் மைந்தர், ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரனார்.

ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்னும் பெயரில் வ.உ.சி. தமிழாக்கினார். அது வெளிவந்த ஆண்டு 1909. அப்போது அவர் சிறையில் இருந்தார். கோவைச் சிறையில் செக்கிழுத்த கைகள் அவருடையவை. மனம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்று கூறும் நூலை அந்நிலையில் இருந்த ஒருவர் மொழிபெயர்த்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல எண்ணம் இருந்தால் செல்வம் தானே வரும் என்பதுதான் அந்நூலின் பொருள் என்றால், அதை மறுக்க மொழிபெயர்ப்பாளரின் வாழ்வே போதும். அவர் அந்நூலில் வேறொன்றைக் கண்டிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

அவர் நடத்திய தொழிலின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. 1906 அக்டோபர் 16-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். செயலாளர், ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, ஏற்றார். வ.உ.சி. உதவிச் செயலாளர். இன்று மேடைகளில் சிதம்பரனார் பெயர் ஒலிக்குமளவு சேட் அவர்களின் பெயர் ஒலிப்பதில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லி வைக்கிறோம்.

முதலில் கப்பல்களை வாடகைக்கே அமர்த்தினர். எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் கப்பல் கொடுத்தவர் விலகிக்கொண்டார். உடனே இலங்கையிலிருந்து வேறு கப்பலை அமர்த்தினர். 1907-இல் ‘காலியோ’, ‘லாவோ’ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பின்னர் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வர். இலவசப் பொருளுக்கு ஆசைப்படும் குணம் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று போலும்!

இதற்கிடையே 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. முன்நின்றார். மார்ச் 12-இல் கைதானார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை, மொத்தம் நாற்பது ஆண்டுகளாக, விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் விடுதலையானது 1912 டிசம்பரில். அதற்குள், 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. காலியோ கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்க்க வாங்கப்பட்டதோ, அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான வினா எழும். பிறர் பணத்தில் நடக்கும் தொழிலைத் தம் கொள்கைக்காக ஆபத்தில் நிறுத்த ஒருவருக்கு உரிமை உண்டா? நபிகள் நாயகம் (ஸல்) நபித்துவத்திற்கு முன்பே, வாணிகம் செய்த நாளிலேயே, ‘அல்-அமீன்’ எனப் பெயர் பெற்றவர்கள். பிறர் ஒப்படைத்த பொருள் அமானிதம் என்பது நம் வீடுகளில் சிறு குழந்தையும் அறிந்த சொல். அந்த அளவுகோலை வ.உ.சி.க்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரியவர் என்பதற்காக விலக்களிக்க இயலாது.

நம் கருத்து இதுதான். அக்கம்பெனியின் பங்குகள் இலாபம் ஒன்றையே காட்டி விற்கப்பட்டவை அல்ல. ஆசியக் கண்டத்தவர்க்கு மட்டுமே பங்கு, நம்மவர்க்குக் கப்பல் தொழிலைக் கற்பித்தல் ஆகியன அதன் நோக்கங்களிலேயே இருந்தன. 25 ரூபாய் கொடுத்தவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். ஆகவே அந்த நோக்கமும் அமானிதத்தின் பகுதியே. வ.உ.சி. போராட்டத்தை விட்டுக் கணக்கேட்டோடு மட்டும் இருந்திருந்தால் கம்பெனி இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கலாம். ஆயின் அது பதிவு செய்யப்பட்ட அதே கம்பெனியாக இருந்திருக்குமா என்பது ஐயமே. பணத்தை இழந்த எளிய பங்குதாரரின் துயரை இதனால் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்துயரும் இந்த வரலாற்றின் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியதே.

விடுதலைக்குப் பின் வந்த காலம் இன்னும் கடினமானது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. குடும்பம் வறுமையில் உழன்றது. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென அளித்த தொகை காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. அதுபற்றி இருவரிடையே கடிதங்கள் நடந்தன. பெருமைக்காக ‘வேண்டாம்’ என்றால் தமக்கும் தம் குடும்பத்திற்கும் தீங்கிழைத்தவராவோம் என்ற கருத்தில் வ.உ.சி. ஒளிவுமறைவின்றி எழுதினார். 1916-இல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. இலட்சக் கணக்கில் பங்கு திரட்டியவர், தமக்குப் பணம் தேவை என்று கூச்சமின்றி எழுதிய இவ்விடத்தையே நாம் மிகவும் மதிக்கிறோம். வசதியாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதற்காகக் கடன் வாங்கி விருந்து வைக்கும் இந்நாளில், இல்லாததை இல்லை என்று சொல்வதற்கும் துணிவு வேண்டியிருக்கிறது.

அவ்வறுமையிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். உரிமத்தை மீளப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை வெறுத்தவர், வெள்ளையர் ஒருவரின் நன்றியை மறக்கவில்லை. பின்னாளில் அவர் வழக்கறிஞராகத் தொழில் செய்த ஊர்களுள் ஒன்று கோவில்பட்டி. இன்று அவ்வூருக்குக் குடிநீர் போவது சீவலப்பேரி ஆற்றிலிருந்துதான்.

ஆற்றங்கரைப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை தர நம்மிடம் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. நம் கல்லூரி வணிகவியல் மாணவர் பங்கு முதல், கம்பெனிக் கலைப்பு என்பனவற்றைப் பாடமாகப் படிக்கின்றனர். தமிழ் மாணவர் வ.உ.சி.யைத் தனியே படிக்கின்றனர். வரும் ஆண்டில் இரு துறையினரும் ஓர் அரங்கில் அமர்ந்து, சுதேசிக் கம்பெனியின் கணக்கையும் கொள்கையையும் மேசைமேல் வைத்து, 1911-இல் காலியோவை யாருக்கு விற்றிருக்க வேண்டும் என்று வாதிடட்டும். நடுவராகத் தமிழாசிரியர் ஒருவரும் கடைவீதியில் தொழில் நடத்தும் பெரியவர் ஒருவரும் இருக்கட்டும்.