பிரிந்ததற்கு ஏன் அழ வேண்டும்?

பெல்கிரேடு நகரத்து ராக் இசையைப் பற்றி யார் எழுதினாலும் ஷார்லோ அக்ரோபாட்டா என்ற பெயர் வந்ததும் குரல் தழுதழுத்துவிடுகிறது. ஒன்றரை வருடம்தான் இருந்தார்கள், ஒரே ஒரு ஆல்பம்தான் போட்டார்கள், இன்னும் கொஞ்ச காலம் சேர்ந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார்களோ என்று ஒரே புலம்பல். மெல்லிசைக் குழுவில் பல காலம் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். எனக்கு இந்தப் புலம்பலில் உடன்பாடில்லை. அந்த மூன்று பேர் பிரிந்தது சரிதான்.

மிலான் ம்லாதெனோவிச் கிட்டார் வாசித்துப் பாடுவார். துஷான் கோயிச்சுக்கு பேஸ். எல்லோருக்கும் அவர் கோயா. டிரம்ஸ் இவான் வ்தோவிச். முதலில் 'எலுமிச்சை மரம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு இருந்தது. நீள நீளமாக வாசிக்கும் பழைய பாணி ராக் அது. அதிலிருந்து ஒரு கிட்டார்காரர் விலக, மிச்சம் நின்ற மூவரும் பாணியையும் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட யூகோஸ்லாவியாவில் சார்லி சாப்ளினை பிரெஞ்சுக்காரர்களைப் போல ஷார்லோ என்றுதான் அழைத்தார்கள். புதுப் பெயர் அங்கிருந்து வந்தது. ஆண்டு 1980. அதே ஆண்டு மே 4-இல் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ இறந்தார்.

டிட்டோ போனதால்தான் இளைஞர்கள் வாயைத் திறந்தார்கள் என்பது சுலபமான கதை. உண்மையில் கதவு அதற்கு முன்பே பாதி திறந்திருந்தது. 1968 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு, ஒரு காலத்தில் ராணுவ அதிகாரிகளின் மன்றமாக இருந்த பெல்கிரேடு கட்டடம் ஒன்று மாணவர் பண்பாட்டு மையமாக மாறி, 1971-இல் திறக்கப்பட்டது. மரினா அப்ரமோவிச் தன் ஆரம்பகால நிகழ்த்துகலையைச் செய்து காட்டிய இடம் அது. பத்து வருடம் கழித்து அதே வளாகத்தில் புதிய இசைக் குழுக்கள் கூடின. அரசாங்கப் பணத்தில் நடந்த இடம், அரசாங்கத்துக்குப் பிடிக்காததையும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் செத்துப்போன குழுக்கள் எனக்குத் தெரியும்.

1981 தொடக்கத்தில் ஜாக்ரெப் நகரின் யூகோடோன் நிறுவனம் மூன்று பெல்கிரேடு குழுக்களைச் சேர்த்து 'பாக்கெட் அரான்ஷ்மான்' என்ற தொகுப்பை வெளியிட்டது. இடோலி, எலெக்ட்ரிச்னி ஓர்காஸம், ஷார்லோ. இடோலி சோவியத் பாணித் தொழிலாளர் புகழ்ப்பாட்டைக் கிண்டல் செய்தார்கள். எலெக்ட்ரிச்னி ஓர்காஸம், வசதி படைத்த பிள்ளைகள் கூடும் பெல்கிரேடு காபிக்கடை ஒன்றைப் பாட்டிலேயே வம்புக்கு இழுத்தது. ஷார்லோவுக்கு நான்கு பாடல்கள். அவற்றில் 'ஓனா சே புதி' இன்றும் அந்தப் பக்கத்து வானொலிகளில் ஒலிக்கிறது. அவள் விழித்தெழுவதைப் பற்றிய பாட்டு. மெட்டு ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும்.

அதே வருடம் ஆல்பம் வந்தது. புத்தியுள்ள எந்த மேலாளரும் என்ன செய்வார்? ஹிட் ஆன பாட்டை முதலில் வைப்பார். இவர்கள் அந்த நான்கில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. 'பிஸ்ட்ரியி இலி டுப்ளி சோவெக் பிவா காத்...' என்று பெயர். மனிதன் கூர்மையாகிறான் அல்லது மழுங்கிப்போகிறான், எப்போதென்றால்... என்று வாக்கியம் பாதியில் நிற்கிறது. இசையும் அப்படித்தான். ஒரு தாளத்தில் கால் ஊன்றுவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். பங்க் வேகம், ரெக்கேயின் இழுப்பு, டப் இசையின் எதிரொலி எல்லாம் மாறி மாறி வருகின்றன.

எனக்கு அதில் முதலில் கேட்டது கோயாவின் பேஸ். எங்கள் குழுக்களில் பேஸ் வாசிப்பவனை மேடையின் ஓரத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் நிறுத்துவார்கள்; அவன் வராவிட்டால்கூடக் கல்யாண வீட்டுப் பந்தி நிற்காது. கோயாவோ பேஸைக் கரகரக்க வைத்து முன்னால் நிறுத்துகிறார். மிலானின் கிட்டார் அதன்மேல் கீறிக்கொண்டே போகிறது. ஒருவருக்கு மெட்டு வேண்டும், இன்னொருவருக்கு மோதல் வேண்டும். இருவருக்கும் இடையில் வ்தோவிச் தாளத்தை உடைத்து உடைத்துச் சேர்க்கிறார். மூன்றே பேர் என்பதால் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் மூடி மறைக்க வழியில்லை. ஒரே மாட்டு வண்டியில் ஆளுக்கொரு திசையில் இழுக்கும் இரண்டு காளைகள். அந்த இழுபறிதான் அந்த ஆல்பத்தின் அழகு. ஆனால் இரண்டாவது ஆல்பத்துக்கு அது தாங்கியிருக்காது. ஒருவர் தோற்றிருப்பார். அப்படித் தோற்றவர்கள் பின்னால் நின்று மௌனமாக வாசிப்பதை நான் மேடையிலேயே பார்த்திருக்கிறேன்.

தோற்பதற்குள் பிரிந்தார்கள். 1981 முடிவதற்குள் குழு இல்லை. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். கோயா 'டிசிப்லினா கிச்மே' தொடங்கினார். முதுகெலும்பின் ஒழுங்கு என்று பொருள். ஆரம்பத்தில் கிட்டாரே கிடையாது, பேஸும் டிரம்ஸும் மட்டும்! 1983-இல் வந்த அவர்களின் பதிவுக்கு, உனக்குச் சங்கடமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு தலைப்பு. மிலான் மறுபக்கம் போனார். மார்கிதா ஸ்தெஃபானோவிச்சின் கீபோர்டோடு கத்தரினா இரண்டு என்ற குழு. பிறகு அதுவே எகாதரினா வெலிகா ஆகி, எண்பதுகளில் யூகோஸ்லாவியா முழுக்கக் கூட்டம் சேர்த்தது. வ்தோவிச்சும் தொடக்கத்தில் அதில் இருந்தார். இழப்பு எங்கே இருக்கிறது இதில்?

பத்து வருடத்தில் நாடும் உடைந்ததால், இரண்டு பிரிவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, குழு கலைந்ததே ஒரு சகுனம் என்பதுபோல எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மூன்று இசைக்கலைஞர்கள் ஆளுக்கொரு பாதையில் போவதும், அண்டை வீட்டார் துப்பாக்கி எடுப்பதும் ஒன்றா? மிலான் பிறந்தது ஜாக்ரெபில், ராணுவ அதிகாரியின் மகனாக. சிறுவயதில் சரயேவோ, பிறகு பெல்கிரேடு. அந்த மூன்று ஊர்களும் இன்று மூன்று நாடுகளின் தலைநகரங்கள். யூகோடோன் நிறுவனமே குரோவேஷியா ரெக்கார்ட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1992 மார்ச்சில் மிலானும் பழைய தோழர்களும் ஒரு லாரியில் ஏறி, போருக்கு எதிராகப் பாடிக்கொண்டே பெல்கிரேடு தெருக்களில் சுற்றினார்கள். போர் நிற்கவில்லை. அதே ஆண்டு வ்தோவிச் இறந்தார். 1994 நவம்பர் 5-இல் கணையப் புற்றுநோய் மிலானைக் கொண்டுபோனது. வயது 36. அழ வேண்டுமானால் இவற்றுக்கு அழலாம், காரணம் இருக்கிறது.

1998-இல் வெளிவந்த யூகோஸ்லாவியாவின் சிறந்த நூறு ஆல்பங்கள் பட்டியலில் 'பாக்கெட் அரான்ஷ்மான்' தொகுப்பு இரண்டாவது, ஷார்லோவின் ஆல்பம் பதினொன்றாவது. என் காதுக்கு இந்த வரிசை தலைகீழ். கேட்க நினைப்பவர்கள் முதலில் தொகுப்பிலுள்ள அந்த நான்கு பாடல்களைக் கேட்டுவிட்டு ஆல்பத்துக்கு வாருங்கள். செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், அதில் பேஸ் கேட்காது.